முன்னே போனவர்களின் சங்கம்

எங்கள் மலையூரான வில்லமோந்தாவில் மற்றவர்கள் சாவார்கள். மலைப் பீரங்கி ரெஜிமெண்டின் முன்னாள் வீரர்கள் சங்கத்தில் பேர் உள்ளவர்கள் மட்டும் சாவதில்லை, 'முன்னே போவார்கள்'. மாரடைப்பு வந்து போனாலும் சரி, கிராப்பாச் சாராயத்தைக் கொஞ்சம் கூடுதலாக ஊற்றிக்கொண்டு டிராக்டரோடு வாய்க்காலில் கவிழ்ந்து போனாலும் சரி, முன்னே போனதாகத்தான் சங்கம் நோட்டீஸ் ஒட்டும். எங்கே முன்னே, யாருக்கு முன்னே என்று கேட்கக் கூடாது. ரொட்டிக்கடைக்காரி ஒருமுறை கேட்டுவிட்டாள். அந்த வருடச் சங்க விருந்துக்கு ரொட்டி பக்கத்து ஊரிலிருந்து வந்தது.

ரெஜிமெண்டை அரசாங்கம் எப்போதோ கலைத்துவிட்டது. பீரங்கிகளை அருங்காட்சியகம் வாங்கிக்கொண்டது. கோவேறு கழுதைகளை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று சங்கத்தில் பேசுவதில்லை; அந்த வருடம் சந்தையில் சலாமி இறைச்சி மலிவாகக் கிடைத்தது என்பதோடு நானும் நிறுத்திக்கொள்கிறேன். படை போனாலும் சங்கம் போகவில்லை. படை இருந்தபோது இருந்ததைவிட இப்போது பதவிகள் அதிகம்.

சங்கத்துக்காரர்களில் யாரும் எதிரியைக் கண்ணால் கண்டவர்கள் இல்லை. கட்டாய சேவைக்குப் போனவர்கள். பீரங்கியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கழுதைமேல் ஏற்றி மலையுச்சிக்குக் கொண்டுபோவார்கள். அங்கே பூட்டிப் பார்ப்பார்கள். மறுபடி கழற்றிக் கீழே கொண்டுவருவார்கள். இதிலிருந்து ஒரு நினைவுநாளை எடுப்பது லேசான காரியமா? எடுத்தார்கள். அறுபத்தைந்தாம் வருடத்துப் பெரும்பனியில் ஒரு சிறு பிரிவு மலைமேல் பாலாடைக்கட்டி செய்யும் குடிசை ஒன்றில் நாலு நாள் மாட்டிக்கொண்டது. வரைபடத்தைத் தொலைத்தவர் அப்போது லெப்டினன்டாக இருந்த ஒத்தொரீனோ பிரந்தொலீஸியோ. இன்று அவர் கர்னல், சங்கத் தலைவர். அந்த நாளுக்கு இன்று பேர் 'பனி முற்றுகை'; ஊர் வாயில் பனிநாள். கர்னலின் முதல் வருடப் பேச்சில் எதிரி என்பது பனி மட்டும்தான். பத்தாவது வருடம் எல்லைக்கு அப்பால் ஏதோ நடமாட்டம் தெரிந்தது. போன வருடம் ஒரு முழு டிவிஷனே டாங்கிகளோடு வந்து, நம்மவர்களின் மன உறுதியைப் பார்த்துத் திரும்பிப் போய்விட்டது.

எர்மெஸ் பொர்தோலுஸ்ஸி அந்தக் குடிசையில் இருந்தவர். எங்கள் தெருக்காரர், குழாய் வேலை செய்து ஓய்ந்தவர். எந்த வீட்டில் எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்த வீட்டில் யாரோடு யார் பேசவில்லை என்ற இரண்டும் அவருக்குத் தெரியும். ஆனால் குழாயைப் பற்றி மட்டும்தான் பேசுவார். அப்படிப்பட்ட மனிதரால் அக்கம்பக்கத்துக்கு என்ன பிரயோசனம்?

இடுப்பெலும்பு மாற்றிக்கொள்ள மகள் இருக்கிற பெல்ஜியத்துக்கு மனைவி ஜெம்மாவோடு போனவர், பேரனைப் பார்த்துக்கொள்ள அங்கேயே இரண்டு வருடம் தங்கிவிட்டார். தாடி வளர்த்து, ஆள் பாதியாக இளைத்து, ஒரு பனிநாள் காலையில் பேருந்தில் வந்து இறங்கினார். சதுக்கத்தில் கொடி பறந்தது, எக்காளம் கேட்டது. ஜெம்மா பெட்டியை இழுத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். எர்மெஸ் பைக்குள்ளிருந்த இறகு வைத்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, வெளியூர்க் கிளைகள் நிற்கும் கடைசி வரிசையில் போய் நின்றார்.

நினைவுக்கல்லுக்கு முன்னால் பேர் கூப்பிடும் சடங்கு நடந்துகொண்டிருந்தது. சார்ஜென்ட் பெல்த்ராமே முன்னே போனவர்களின் பேரை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார், போனவன் பதில் சொல்ல முடியாது என்பதால் கூட்டம் முழுக்க அவனுக்காக "உள்ளேன்!" என்று ஒரே குரலில் சொல்லும். நல்ல வழக்கம்தான். எங்கள் தெருப் பெண்கள் அதற்காகவே கைக்குட்டையோடு போவார்கள். என்ன ஒன்று, சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகி, பேர் காதில் ஏறுவதற்கு முன்னாலேயே பதில் வந்துவிடும். ஒரு வருடம் மைக் சரிபார்க்க வந்த எலெக்ட்ரீஷியன் "ஹலோ, ஹலோ" என்றதற்கும் சதுக்கமே "உள்ளேன்!" என்றது. அவன் ஏணியிலிருந்து விழப் பார்த்தான்.

"எர்மெஸ் பொர்தோலுஸ்ஸி!" என்றார் சார்ஜென்ட்.

"உள்ளேன்!" என்றது சதுக்கம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவர் எர்மெஸ். சொல்லி முடித்த பிறகுதான் கூப்பிட்டது யார் பேரை என்று மனதில் தட்டியது.

பக்கத்தில் நின்ற வெளியூர்க்காரர் மூக்கை உறிஞ்சினார். "இந்த ஊர்க்காரராமே. பழக்கம் உண்டா?"

"கொஞ்சம் உண்டு," என்றார் எர்மெஸ்.

"நல்ல மனுஷனாம். பனியில பீரங்கிச் சக்கரத்தத் தோள்ல சுமந்தாராமே! கர்னல் சொன்னாரு."

எர்மெஸ் தன் தோளை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் அந்த நாலு நாளும் சுமந்தது குடிசையின் கழிவு வாளியை.

வீட்டுக்குப் போனால் ஜெம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கதவில் காய்ந்துபோன மலர்வளையம். சுவரில் கறுப்புக் கரை போட்ட நோட்டீஸ், மழையில் வெளுத்து. நடுவில் இருபது வயது எர்மெஸ் முறைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க வாங்க, முன்னே போனவரே," என்றாள். "சொல்லிட்டுப் போயிருக்கலாம்ல? நானும் கறுப்புத் துணி எடுத்திருப்பேன்."

எங்களைக் குறை சொல்லக் கூடாது. பெல்ஜியத்துக்குப் போனவர் என்று தெரியும். ஆனால் சங்கமே நோட்டீஸ் ஒட்டியபிறகு மறுத்துப் பேச நாம் யார்? பெல்ஜியத்தில் ஆட்கள் சாகாமலா இருக்கிறார்கள்?

எர்மெஸ் நேரே சங்கக் கட்டடத்துக்குப் போனார். அங்கே சுவர் நீளத்துக்கும் ஆணி அடித்து, முன்னே போனவர்களின் தொப்பிகளை மாட்டியிருப்பார்கள். ஒருவன் போனால் அவன் வீட்டார் தொப்பியைச் சங்கத்தில் சேர்க்க வேண்டும். தொப்பி வந்தால் ஆள் போனான். மருத்துவர் சான்று, பாதிரியார், அடக்கம் எல்லாம் அதற்கு அடுத்தபடி. கர்னல் ஒத்தொரீனோ மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து விருந்துக்கான உட்காரும் வரிசையைப் போட்டுக்கொண்டிருந்தார். எர்மெஸைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. உடனே சட்டத்தை நினைத்துக்கொண்டு வாடியது.

"கர்னலய்யா, நான் சாகல."

"இங்க யாருமே சாகலப்பா."

"முன்னாலயும் போகல. பெல்ஜியத்துக்குத்தான் போனேன்."

"உன் தொப்பி வந்துச்சே," என்றார் கர்னல். "திரியெஸ்தேலேர்ந்து, ஒரு முதியோர் இல்லத்துலேர்ந்து பார்சல்ல வந்துச்சு. 'தொப்பிக்குச் சொந்தக்காரர் அமைதியாகக் காலமானார்'னு ஒரு சீட்டு. உள்ள தோல்பட்டையில உன் பேரு. உன் வீடு பூட்டிக் கெடந்துச்சு. இதுக்கு மேல சங்கம் என்ன விசாரிக்கணும்ங்கற?"

அவர் காட்டிய ஆணியில் தொங்கிய தொப்பியை எர்மெஸ் எட்டி எடுத்தார். விளிம்பில் அரைவட்டமாக ஒரு கடி. பெப்பா என்ற கோவேறு கழுதை, அறுபத்தைந்தில், எர்மெஸ் தலையில் இருந்தபோதே கடித்தது.

 

சேவை முடிந்து வீட்டுக்குப் போகும் நாளில், உயிருக்குயிரான சிநேகிதர்கள் தொப்பியை மாற்றிக்கொள்வது அந்தப் படையின் பழக்கம். பேரை அழிக்க மாட்டார்கள்; அதில்தான் அர்த்தமே. எர்மெஸ் மாற்றிக்கொண்டது தூலியோ மரங்கோனோடு. "கழுத கடிச்சத நான் எடுத்துக்கறேன், நல்லத நீ வச்சுக்க. உனக்குத்தான் பொண்ணு பாக்கப் போறாங்க," என்று தூலியோ தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான். கடைசிவரை அவனுக்குப் பெண் பார்க்க ஆளில்லை. திரியெஸ்தேயில் கப்பல் பட்டறையில் வேலைக்குப் போய், வருடத்துக்கு ஒருமுறை பனிநாளுக்கு மட்டும் வந்து, கடைசி வரிசையில் நின்றுவிட்டுப் போவான்.

"இது தூலியோ தலையில இருந்த தொப்பி," என்றார் எர்மெஸ். "செத்தது தூலியோ."

"தூலியோவா? அவன் உசிரோடதான் இருக்கான். அவன் தொப்பி இன்னும் வரலையே."

எர்மெஸ் தன் தலையில் இருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கர்னல் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே பார்த்தார். தூலியோ மரங்கோன் என்று மையில் எழுதியிருந்தது. கர்னலுக்குப் பெரிய நிம்மதி.

"பாத்தியா? கணக்கு சரியாப் போச்சு. தொப்பி தலையோடயே வந்திருக்கு. அப்ப நீதான் தூலியோ."

"கர்னலய்யா, என் மூஞ்சியக் கொஞ்சம் பாருங்க."

"மூஞ்சி என்னடா மூஞ்சி. தாடி முளைக்கும், பல்லு விழும், கன்னம் தொங்கும். தொப்பி மாறாது."

"உங்க வீட்டுக் குளியலறைக் குழாய மாத்திக் குடுத்தது யாரு?"

"எர்மெஸ்தான். இன்னிவரைக்கும் ஒரு சொட்டு ஒழுகல. அத இரங்கலுரையிலகூடச் சொன்னேன்," என்று கர்னல் நெகிழ்ந்துபோய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்று மத்தியானம் விருந்து. குடல் கறி, சோளக்களி, கிராப்பா. முன்னே போனவர்களுக்கு மேசையில் தட்டு வைக்கும் வழக்கம் இல்லை. எர்மெஸ் சமையற்கட்டில் அடுப்போரமாக நின்று சாப்பிட்டார்.

மறுநாள் அவர் திரியெஸ்தேக்குப் போன் போட்டார். முதியோர் இல்லத்தில் ஒரு நர்ஸ் எடுத்தாள். தூலியோவை அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அடக்கத்துக்கு வந்தவர்கள் அவளும் ஒரு பாதிரியாரும் மட்டும். கொடி இல்லை, எக்காளம் இல்லை.

"அதப் பத்தி அவர் கவலையே படலைங்க," என்றாள். "தொப்பிய மட்டும் சங்கத்துக்கு அனுப்பச் சொன்னாரு. தெனமும் கேப்பாரு, மறந்துடாத மறந்துடாதன்னு. 'அது போய்ச் சேந்துட்டாப் போதும்மா, என் பேரக் கூப்பிடுவாங்க'ன்னு. கூப்பிட்டாங்கல்ல?"

 "கூப்பிடுவாங்கம்மா," என்று சொல்லிவிட்டு எர்மெஸ் போனை வைத்தார்.

அதற்கப்புறம்தான் மனிதருக்குப் பிடிவாதம் வந்தது. தான் செத்ததோ பிழைத்ததோ அவருக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது. தூலியோவின் பேர் கல்லில் ஏற வேண்டும். பனிநாளில் கூப்பிடப்பட வேண்டும். மறுபடி கர்னலிடம் போனார்.

"என் பேர வேணா கல்லுலயே விட்டுடுங்க. எப்படியும் ஒருநாள் தேவப்படும். தூலியோ பேரயும் சேத்துக் கூப்பிட்டாப் போதும்."

கர்னல் எழுந்து நின்றார். உட்கார்ந்துகொண்டு விதிகளைச் சொல்வது அவருக்கு வழக்கமில்லை.

"சங்கத்துக்கு ஒரே ஒரு அசையாத விதி இருக்கு. நானே எழுதினது. கூப்பிட்ட பேருக்குப் படை 'உள்ளேன்'னு பதில் சொல்லிட்டா, அந்தப் பேர் முன்னே போனதுதான். கடவுளே வந்து கேட்டாலும் திரும்ப வாங்க முடியாது. அதுபடி எர்மெஸ் போயாச்சு. எர்மெஸோட தொப்பியும் உள்ள வந்தாச்சு. தூலியோ தொப்பி என் கண்ணு முன்னால ஒரு உசிருள்ள தலையில இருக்கு. உசிரோட இருக்கறவன் பேர எப்படிக் கூப்பிடறது? அது அவனுக்கு அவமானம் இல்லையா?"

"என்னை உசிரோட இருக்கப்பவே கூப்பிட்டீங்களே?"

"அது தெரியாமச் செஞ்சது. தெரியாமச் செஞ்சா மரியாத. தெரிஞ்சு செஞ்சா அவமானம்."

பக்கத்தில் துணைத் தலைவராகிய சார்ஜென்ட் பெல்த்ராமே விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். அவர் பல வருடமாகத் துணைத் தலைவர். தலைவர் நாற்காலியின் மெத்தையை வாரம் ஒருமுறை அவரே தட்டிச் சீராக்குவார். கர்னல் இல்லாதபோது உயரம் சரியாக இருக்கிறதா என்று ஒருதரம் உட்கார்ந்தும் பார்ப்பார். இதை யார் பார்த்தது என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டு மாடி ஜன்னல் அந்தப் பக்கம்தான் திறக்கும்.

பேசி முடிவெடுக்க வேண்டுமென்றால் பொதுக்குழு இருக்கிறது என்றார் கர்னல். வசந்தத்தில் பொதுக்குழு கூடியது. எர்மெஸ் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனார். "தோழர்களே, தூலியோ மரங்கோனைப் பத்தி..." என்று எழுந்து வாயைத் திறந்ததுதான் தாமதம், சார்ஜென்ட் மணி அடித்தார்.

"முன்னே போன எர்மெஸ் பொர்தோலுஸ்ஸி நம்மிடையே வந்திருப்பதை உணர்கிறோம். அவருக்காக மௌன அஞ்சலி!"

எல்லோரும் எழுந்தார்கள். தலையைக் குனிந்தார்கள். எர்மெஸ் பேசிக்கொண்டே இருந்தார். பனியைச் சொன்னார், தொப்பியைச் சொன்னார், நர்ஸ் சொன்னதைச் சொன்னார். மௌன அஞ்சலியின்போது யாரும் நிமிர்ந்து பார்க்கவோ பதில் பேசவோ கூடாது அல்லவா? முன்வரிசையில் ஒருவர் உருக்கத்தில் விசும்பினார். மறுபடி மணி அடித்தது. எல்லோரும் உட்கார்ந்து, எக்காளத்தில் கட்டும் குஞ்சம் பச்சையா கரும்பச்சையா என்ற விவாதத்துக்குப் போனார்கள். அது இருட்டும்வரை நடந்தது.

நிறைவுரையில் கர்னல் பாட்டாகப் பாடாத குறைதான். அவ்வளவு ஏற்ற இறக்கம்.

"அன்பார்ந்த தோழர்களே! என் தலைமையில் இந்தச் சங்கம் இமயமாக உயர்ந்திருக்கிறது. எப்படி? உயிரோடு இருப்பவர்கள் குறை சொல்வார்கள். குடல் கறியில் உப்பில்லை என்பார்கள். கணக்குக் கேட்பார்கள். ஆனால் முன்னே போனவர்களைப் பாருங்கள்! இத்தனை வருடத்தில் ஒருவராவது என்மேல் புகார் சொன்னது உண்டா? ஒருவராவது எதிர்த்து ஓட்டுப் போட்டது உண்டா? அவர்கள்தான் இந்தச் சங்கத்தின் உண்மையான உறுப்பினர்கள். நீங்கள் அனைவரும் விரைவில் அந்த ஒழுக்கத்தை அடைய வேண்டும் என்பதே என் பிரார்த்தனை!"

பலத்த கைதட்டல். நோயாளியாயிருந்த இரண்டு பேர் மட்டும் யோசித்துவிட்டுத் தட்டினார்கள்.

கோடையில் ஜெம்மாவுக்கு விதவைகள் விருந்துக்கு அழைப்பு வந்தது. எர்மெஸ் போக வேண்டாம் என்றார். அவள் போனாள். சாயங்காலம் தோளில் சின்னம் தைத்த சால்வையும் கையில் கேக் பொட்டலமுமாகத் திரும்பி வந்தாள்.

"முன்வரிசை," என்றாள். "மெத்த போட்ட நாற்காலி. கர்னலே வந்து கையில முத்தம் குடுத்தாரு. உன் பொண்டாட்டியா இருந்தவரைக்கும் கொடிக்கம்பத்துக்குப் பின்னால நின்னு கால் கடுத்தவ நான். நீ போனதும்தான் என்னை ஒரு மனுஷியா மதிக்கறாங்க."

"சந்தோஷமா இரு," என்றார் எர்மெஸ், சுவரைப் பார்த்துக்கொண்டு.

"மூஞ்சியத் தூக்காத. கேக்கத் தின்னு." அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொண்ணு கேளு. சூப்பு பரிமாற வந்த பொண்ணு, நான்தான் அதுன்னு தெரியாம, 'திருமதி பொர்தோலுஸ்ஸி!'ன்னு சத்தமாக் கூப்பிட்டுச்சு. அவ்வளவுதான், அந்தப் பக்கத்து மேசையில இருந்த கெழவனுங்க அத்தன பேரும் கரண்டியப் போட்டுட்டு எழுந்து நின்னு, 'உள்ளேன்!' வாயில இருந்த நூடுல்ஸோட! எனக்கு வேண்டிய சூப்பு எவனுக்கோ போயிடுச்சு."

எர்மெஸும் சிரித்தார். அப்புறம் சிரிப்பு நின்றது. வாய்க்குக் கொண்டுபோன கேக்கைப் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

"என்ன?" என்றாள் ஜெம்மா.

"யாரு கூப்பிடறாங்கன்னு பாக்க மாட்டாங்க. இல்ல?"

"யாரக் கூப்பிடறாங்கன்னே பாக்க மாட்டாங்க," என்றாள் ஜெம்மா. அவளுக்கும் புரிந்துவிட்டது. கேக்கிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, "தூலியோ நம்ம கல்யாணத்துல என் கூட ஆடினான். காலத்தான் மிதிச்சான், ஆனா நல்லா ஆடினான். கூப்பிடு," என்றாள்.

அடுத்த பனிநாள் வந்தது. அந்த வருடம் பனி விழவில்லை, வெயில் அடித்தது. கர்னல் பேச்சில் இருந்த பனிப்புயலுக்கு அது தடையாகவில்லை. முன்வரிசை மெத்தை நாற்காலிகளில் ஜெம்மாவும் மற்ற விதவைகளும். கொடிக்கம்பத்துக்குப் பின்னால், கர்னலின் மனைவி க்ளேலியா அம்மாள், கால் மாற்றி நின்றுகொண்டிருந்தாள். கர்னல் உயிரோடு இருந்ததால் அவளுக்கு நாற்காலி இல்லை. சார்ஜென்ட் பேர்களைக் கூப்பிட்டார். சதுக்கம் "உள்ளேன்" என்றது. எர்மெஸின் பேரும் வந்து போனது. கடைசிப் பேர் முடிந்து சார்ஜென்ட் மூச்சு வாங்கிய அந்த இடைவெளியில், பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கணீரென்று எழுந்தது.

"தூலியோ மரங்கோன்!"

"உள்ளேன்!"

சதுக்கமே சொன்னது. வெளியூர்க் கிளைகள் சொன்னார்கள், விதவைகள் சொன்னார்கள், மைக் ஆளும் சொன்னான். புறாக்கள் கோவில் மணிக்கூண்டிலிருந்து பறந்தன. எங்கள் தெருப் பெண்கள் கைக்குட்டையை எடுத்தார்கள். எர்மெஸ் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது என்று சொல்கிறார்கள். நான் நின்ற இடத்திலிருந்து முதுகுதான் தெரிந்தது.

கர்னல் மைக்கைப் பிடுங்கினார். கழுத்து நரம்பு புடைத்தது.

"நில்லுங்க! யார் கூப்பிட்டது? தலைவர் அனுமதி இல்லாமக் கூப்பிட்ட பேர் செல்லாது! படை சொன்ன பதில் வாபஸ்!"

கூட்டத்தில் முணுமுணுப்பு. பதிலை வாபஸ் வாங்குவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு கிழவர் வாயைப் பொத்திப் பார்த்தார்.

எர்மெஸ் வரிசையை விட்டு வெளியே வந்தார். கைத்தடியை ஊன்றி நடுச் சதுக்கத்துக்கு நடந்தார். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு, ஒரு காலத்தில் மலைச்சரிவில் கழுதைகளை அதட்டிய அதே குரலில் கூப்பிட்டார்.

"கர்னல் ஒத்தொரீனோ பிரந்தொலீஸியோ!"

"உள்ளேன்!"

இதுவரை கேட்டதிலேயே பெரிய முழக்கம் அதுதான். தலைவர் பேர் அல்லவா. அதைவிடப் பெரிய விசேஷம், மைக்கில் எல்லோரையும்விடத் தெளிவாக "உள்ளேன்!" என்று ஒலித்த குரல் கர்னலுடையது. காதில் விழுந்தது, குதிகால் ஒட்டிக்கொண்டது, வாய் திறந்துவிட்டது. பழக்கம்.

எக்காளக்காரருக்குக் காது மந்தம். பெரிய முழக்கம் முடிந்தால் முன்னே போனவர்களுக்காக ஊதும் மௌன ராகம் என்பது அவருக்குத் தெரிந்த கணக்கு. எடுத்து ஊதத் தொடங்கினார். தொப்பிகள் எல்லாம் தலையை விட்டு இறங்கின. கொடி தாழ்ந்தது.

ராகம் முடியும்வரை கர்னலும் அசையாமல் நின்றார். நடுவில் அசைவது அவமரியாதை. முடிந்ததும் கத்தினார். "பெல்த்ராமே! இந்தக் கூத்த நிறுத்துங்க!"

சார்ஜென்ட் பெல்த்ராமே விதிப்புத்தகத்தைத் திறந்திருந்தார். பக்கத்தைத் தேடவில்லை, அது தானாகத் திறந்துகொண்டது.

"'கூப்பிட்ட பேருக்குப் படை பதில் சொல்லிவிட்டால்,'" என்று நடுங்கும் குரலில் வாசித்தார். அது துக்க நடுக்கம் அல்ல. "'அந்தப் பேர் முன்னே போனதுதான்.' யார் கூப்பிடணும்னு இதுல எழுதலையே, கர்னலய்யா. நீங்க எழுதினதுதான்."

"யோவ், நான் உன் கண்ணு முன்னால நிக்கிறேன்!"

"எர்மெஸும் நின்னாரு," என்றார் சார்ஜென்ட். "எனக்கு ரெண்டே வழிதான். தூலியோ செல்லாதுன்னா விதியே இல்ல, சங்கமே இல்ல. தூலியோ செல்லும்னா நீங்களும் செல்லும். சங்கத்த நான் காப்பாத்தியாகணும்."

"நான் உயிரோட இருக்கேன்! தோழர்களே, நான்..."

சார்ஜென்ட் மணியை எடுத்தார். "முன்னே போன கர்னல் ஒத்தொரீனோ நம்மிடையே வந்திருப்பதை உணர்கிறோம். மௌன அஞ்சலி!"

எல்லோரும் தலையைக் குனிந்தார்கள். கர்னல் பேசிக்கொண்டே இருந்தார். முன்வரிசையில் ஜெம்மா எழுந்து, கொடிக்கம்பத்துக்குப் பின்னால் போய், க்ளேலியா அம்மாளைக் கைப்பிடித்துக் கூட்டிவந்து பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். க்ளேலியா அம்மாள் மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "ஏன்டி ஜெம்மா, இவ்வளவு மெத்துனு இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே," என்றாள். சதுக்கத்தில் புருஷன் கத்துவது அவள் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

அன்று மத்தியானமே புதுத் தலைவர் நாற்காலியில் அமர்ந்தார். உயரம் கச்சிதமாக இருந்தது. முதல் தீர்மானமாக இரண்டு பேர்களையும் கல்லில் பொறிக்க உத்தரவானது; கல்தச்சன் விருந்து முடிவதற்குள் பொறித்தும் விட்டான்.

முன்னே போனவர்களுக்கு மேசையில் தட்டு வைக்கும் வழக்கம் இல்லை என்று முன்பே சொன்னேன். சமையற்கட்டில் எர்மெஸ் சோளக்களியைக் கிண்டிக்கொண்டிருந்தார். கர்னல் பதக்கங்களோடு ஒரு முக்காலியில் உட்கார்ந்து, வெளியே தன் இரங்கலுரை வாசிக்கப்படுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதில் ஒரு டிவிஷன்தான் வந்தது. அவர் அடுத்த வருடம் அதை இரண்டாக ஆக்கலாம் என்று யோசித்துவைத்திருந்தார்.

"குடல்ல உப்பே இல்ல," என்றார் கொஞ்ச நேரம் கழித்து.

"புகார் சொல்லாதீங்க. நாம முன்னே போனவங்க."

 ஆனால் கர்னலின் மனதை எதுவோ அரித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாகச் சதுக்கத்தில் கல் தெரிந்தது. புது எழுத்துகள் வெள்ளையாக.

"டேய் எர்மெஸ், அநியாயத்தப் பாத்தியா? தூலியோ பேர மேல போட்டுட்டு என்னைக் கீழ போட்டிருக்கான். அவன் வெறும் சிப்பாய்டா. நான் கர்னல்."

எர்மெஸ் கிண்டுவதை நிறுத்தவில்லை. பெரும்பனியில், நாலாம் நாள் காலை, தூலியோ பெப்பாவின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடிசைக் கதவைத் தள்ளித் திறந்ததும், இடுப்பளவு பனியில் அவன் போட்ட தடத்தில் எல்லோரும் வரிசையாக இறங்கியதும், வரிசையின் கடைசியில் லெப்டினன்ட் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கழுதையின் வாலைப் பிடித்தபடி வந்ததும் இனி இந்த உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். இரண்டு பேரும் அந்தச் சமையற்கட்டில் இருந்தார்கள்.

"வரிசைப்படிதான் போட்டிருக்கான், கர்னலய்யா," என்றார். "அன்னிக்கும் அவன்தானே முன்னால போனான்."

 கர்னல் கையிலிருந்த கரண்டியை, கழுதை வாலைப் பிடித்த மாதிரி, இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.